எழுதி வைத்தவள்

அந்த வருஷத்து மழைக்கு விவஸ்தையே இல்லாமல் போயிற்று. பதினெட்டு நாளாக நசநசவென்று பெய்துகொண்டே இருந்தது. துவைத்த துணி காயவில்லை, காய்ந்ததாக எடுத்து மடித்ததும் தொட்டால் சில்லென்றிருந்தது. மூன்றாம் மாடியில் ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு தைத்துக்கொண்டிருந்த தையல்காரிக்கு, ஊசி துணியில் இறங்குகிற சத்தத்திலேயே ஈரம் தெரிந்தது. பள்ளிக்கூடத்துச் சீருடை நாற்பது உருப்படி பாக்கி கிடந்தது. அதையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு, அன்றைக்கு அண்ணனுக்கு ஒரு பைஜாமா தைத்து முடித்தாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு அண்ணன் இருக்கிற பராமரிப்பு இல்லத்தில் கதவு திறப்பார்கள், நாலு மணிக்கு மூடிவிடுவார்கள்.

அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது. நாலு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் உயிரை மட்டும் விட்டுவைத்து, காதில் பாதியையும் பேச்சில் முக்காலையும் வாரிக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருந்த பத்துப் பன்னிரண்டு வார்த்தைகளில் ஒன்று ‘பாப்பா’. நாற்பத்தொன்பது வயதில், மூக்குக்கண்ணாடியும் நரையுமாக அவள் போய் நின்றாலும் அவருக்குப் பாப்பாதான்.

அப்பா அம்மா போன பிறகு அவள்தான் வைத்துப் பார்த்தாள். கல்யாணம் பேச வந்தபோதே, “எங்க அண்ணனும் கூட வருவாரு” என்று சொல்லிவிட்டாள். பஸ் ஓட்டுகிற அந்த மனுஷன், “வரட்டும், முன் சீட்டுல உக்கார வச்சுக்கலாம்” என்று சிரித்துவிட்டுச் சம்மதித்தார். அப்படியேதான் இருந்தார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததோடு அண்ணன் படுக்கையோடு படுக்கையாகிவிட்டார். புரட்டிப் போட இரண்டு ஆள் வேண்டும். டிரைவர் விடியற்காலை டூட்டிக்குப் போனால் வீட்டில் இருப்பது அவள் ஒருத்தி. தனியாகத் தூக்கித் தூக்கி இரண்டே வருஷத்தில் அவள் முதுகு போயிற்று. மூன்று மாதம் அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு மூலையில் படுத்துக் கிடந்தார்கள். அதற்குப் பிறகுதான் இல்லம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இல்லத்தில் பைஜாமாவை மாட்டிவிட்டு நாடாவை இழுத்தபோது அவளுக்குத் திக்கென்றது. இடுப்பு அளவு அவளுக்கு மனப்பாடம். போன வருஷம் முப்பத்தாறு. கோடையில் முப்பத்து மூன்று. அதையே வைத்துத் தைத்த துணி இப்போது கையைவிட்டால் கீழே இறங்கியது. கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துச் சுற்றிப் பார்த்தாள். முப்பது. சரி, திருப்பிப் படுக்க வைத்து முடிச்சுப் போடலாம் என்று ஒருக்களித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இடுப்புக்குக் கீழே, எலும்பு முட்டுகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, நடுவில் குழி விழுந்திருந்தது. விரிப்பு ஈரமாக இருந்தது. அதற்கும் அடியில் ரப்பர் ஷீட்டில் தண்ணீர் தேங்கி நின்றது.

“வலிக்குதா?” என்று அவர் காதோரம் குனிந்து கேட்டாள்.

“பாப்பா,” என்றார் அண்ணன். சிரித்தார்.

அப்போதுதான் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. முப்பது கட்டிலையும் தாண்டி வந்தது. “என்ன பெரிய மனுஷா, தங்கச்சி வந்ததும் என்னைத் திரும்பியே பாக்க மாட்டேங்கறே?”

குரல் கொடுத்த அந்த ஆயாவுக்கு இல்லத்தில் சத்தக்காரி என்று பெயர். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால்கூடத் தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். முதல் வருஷம் தையல்காரி இவளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வாயில்லாத ஜீவனை இப்படி அதட்டுகிறாளே என்று வயிறெரியும். பிறகுதான் புரிந்தது, அண்ணனுக்குக் காது கேட்கிற அளவுக்குப் பேசுகிறவள் அந்த இல்லத்திலேயே இவள் ஒருத்திதான். மற்றவர்கள் மெதுவாக, மரியாதையாகப் பேசினார்கள். அவர் காதில் ஒன்றும் விழவில்லை.

“அக்கா, இது எத்தனை நாளா இருக்கு?” என்று கேட்டாள் தையல்காரி.

சத்தக்காரி புண்ணைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தாள். பிறகு அவளுக்குத் தெரிந்த அளவில் குரலைத் தாழ்த்தினாள். “இருபத்திரண்டு நாளு.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லக்கூடாதும்மா. வீட்டு ஆளுங்ககிட்ட எதுவா இருந்தாலும் மேட்ரன்தான் சொல்லணும். நான் நர்ஸம்மாகிட்ட சொன்னேன். மேட்ரன்கிட்ட சொன்னேன். விரிப்பு காயல, வேற குடுங்கன்னு கேட்டேன். எல்லாருக்கும் அதே விரிப்புதான்னாங்க. நான் காலைல இருந்து நாலு மணி வரைக்கும்தான். நான் இருக்கற வரைக்கும் மணிக்கொரு தடவை புரட்டிப் போடறேன். அதுக்கப்புறம் அப்படியே கிடக்கறாரு. நீ நம்பலன்னா நோட்டைப் பாரு.”

டூட்டி நோட்டு கம்பியில் தொங்கியது. ஒவ்வொரு வேளை ஆயாவும் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு வரி எழுதிக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். தையல்காரி புரட்டினாள். ‘வழக்கம் போல.’ ‘வழக்கம் போல.’ ‘வழக்கம் போல.’ சோம்பல் பிடித்த ஒருத்தி மேலே ஒரு தடவை எழுதிவிட்டுக் கீழே வரைக்கும் இரட்டைப் புள்ளி வைத்துக்கொண்டே போயிருந்தாள். நடுநடுவே மட்டும் கோணல் மாணலாகப் பெரிய பெரிய எழுத்து, கோட்டைத் தாண்டிப் பக்கத்துக் கட்டிலின் வரியிலும் ஏறிக் கிடந்தது. ‘இடுப்பில் சிவப்பு. நர்சிடம் சொன்னேன்.’ ‘தோல் போச்சு. நர்சிடம் சொன்னேன்.’ ‘துணி ஈரம். வேறு துணி இல்லை.’ ‘மத்தியானம் மட்டும் சாப்பாடு. காலை இல்லை.’ ஒவ்வொன்றின் கீழும் அதே கையெழுத்து.

“நாலாம் வகுப்புதான் படிச்சேன். அதான் எழுத்து அப்படி,” என்றாள் சத்தக்காரி.

“இதை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாக்கா?”

சத்தக்காரி நோட்டை வாங்கித் தன் எழுத்தை ஒரு தடவை பார்த்தாள். “எடுத்துக்கோ. ஆனா என் பேரு வெளிய வராமப் பாத்துக்கோ தங்கச்சி. என் மாமியாரும் படுக்கைலதான் இருக்கா. நான் ஒருத்தி சம்பாதிச்சுத்தான் அடுப்பு எரியுது.”

“என் அண்ணன் மேல சத்தியமா வராதுக்கா,” என்றாள் தையல்காரி.

மேட்ரனிடம் போய் நின்றாள். மேட்ரன் நல்லவிதமாகவே பேசினாள். “வயசாகுதும்மா. இந்த வயசுல தோலெல்லாம் காகிதம் மாதிரிதான் இருக்கும். நாங்க பாத்துக்கறோம்” என்று சொல்லி, மேஜை மேல் இருந்த டப்பாவிலிருந்து பிஸ்கட்டும் எடுத்துக் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு போனபோது புண் இன்னும் ஆழமாக இருந்தது. விரிப்பு அதே ஈரம்.

டிரைவருக்குப் புகார் என்றாலே பிடிக்காது. தட்டில் இருந்த ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். “பஸ்ல இருபது வருஷமா ஒரு புகார்ப் புத்தகம் தொங்குது. பிரேக் சரியில்லன்னு எழுதுவான். அன்னைக்கு எந்த டிரைவர்னுதான் பாப்பாங்க. பிரேக்கை எவனும் பாக்க மாட்டான்.”

“அப்ப எங்க அண்ணன் அழுகிச் சாகட்டுமா?”

“அப்படியா சொன்னேன்?”

“வேற என்ன சொன்னீங்க?”

சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு அவரே எழுத உட்கார்ந்தார். அவர் கையெழுத்து மணி மணியாக இருக்கும். அவள் சொல்லச் சொல்ல நாலு பக்கம் எழுதினார். இடுப்பு அளவு முப்பத்தாறு, முப்பத்து மூன்று, முப்பது என்று தேதி போட்டு எழுதச் சொன்னாள். வேறு இல்லத்துக்கு மாற்றக் கேட்கலாமா என்று பார்த்தால், அங்கே இவர்களுக்கு முன்னால் இருநூற்றுப் பதினாலு பேர் காத்திருந்தார்கள். போட்டோவைப் பிரதி எடுத்து, கையெழுத்து இருந்த அடிப்பக்கத்தைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டி எடுத்தாள். துணி வெட்டுகிற கை, ஒரு இழை பிசகவில்லை.

இல்லங்களைக் கவனிக்கிற துறையின் புகார்ப் பிரிவு ஒரு நீளமான கட்டடத்தின் கடைசி அறையில் இருந்தது. கூரை ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்திருந்தார்கள். அதிகாரி சின்ன வயது, கண்ணாடி போட்டவர், எரிந்து விழுகிற ஆளும் இல்லை. நாலு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை நாளில் முழுசாகப் படித்த முதல் ஆள்.

“டேப் அளவெல்லாம் ஆதாரத்துல வராதும்மா,” என்றார். “எடை போட்ட சீட்டு வேணும்.”

“எடை போட மாட்டேங்கறாங்க சார். நிக்க முடியாதவரை எப்படிப் போடறதுன்னு கேக்கறாங்க.”

“அதுவும் சரிதான்.” பக்கத்தைப் புரட்டினார். “இது நல்ல ஆதாரம். ஆனா கீழ வெட்டியிருக்கே.”

“அது அவங்க பேரு வேண்டாம்னு...”

“கையெழுத்து இல்லாத பக்கம் செல்லாதும்மா. யாரு வேணா வீட்ல உக்காந்து எழுதிட்டு வரலாமில்ல? அப்புறம் இன்னொண்ணு.” படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். “ஒன்பதாவது கட்டத்துல சம்பந்தப்பட்ட ஊழியர் பேருன்னு இருக்கு. அது காலியா இருந்தா இதைப் பொதுக் குறைன்னு எடுத்து வச்சிடுவாங்க. பொதுக் குறைக்குப் பதில் வராது. பொய் சொல்ல விரும்பல.”

“அவங்க நல்லவங்க சார். அவங்க மட்டும்தான் எழுதி வச்சாங்க.”

“அப்ப சாட்சியா எடுத்துக்குவாங்க. நான் குறிப்பும் எழுதிடறேன், சாட்சின்னு.” எழுதினார். அவள் கண் முன்னால்தான் எழுதினார். அந்த மனுஷனைக் குறை சொல்ல அவளால் இன்றைக்கு வரைக்கும் முடியவில்லை.

வெட்டாத படம் அவள் போனில் இருந்தது. வாளியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அவள் சத்தியம் செய்து கொடுத்த ஆளை நினைத்தாள், அண்ணன் இடுப்பில் இருந்த குழியை நினைத்தாள். வெளியே வரிசையில் இருந்தவர்கள் இருமினார்கள். போனை எடுத்து நீட்டினாள். யாரும் அவள் கழுத்தைப் பிடித்து நெரிக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. அவளாகத்தான் நீட்டினாள்.

அதற்குப் பிறகு நாற்பத்தொரு நாள் ஒரு சத்தமும் இல்லை. ஞாயிறுதோறும் போனாள். சத்தக்காரி எப்போதும் போல, “வந்துட்டாடா உன் பாப்பா” என்று கூவினாள். தையல்காரியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தாள். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று மூன்று தடவையும் வந்துவிட்டாள்.

கடிதம் வந்தபோது டிரைவர் வீட்டில் இருந்தார். பிரித்து அவரே படித்தார். “புகார் உண்மை எனக் கண்டறியப்பட்டதுன்னு போட்டிருக்கு.”

அவள் மெஷினை நிறுத்தினாள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், சந்தோஷப்பட்டாள். அதைப் பிறகு நினைத்து நினைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

டிரைவர் மேலே படிக்கவில்லை.

“படிங்க.”

“வேண்டாம்மா.”

“படிங்கங்கறேன்.”

அவர் மீதியையும் படித்தார். விசாரணையில் டூட்டி நோட்டு முழுதும் பார்க்கப்பட்டது. மற்ற ஊழியர்களின் நேரங்களில் புண் இருந்ததாகவோ, விரிப்பு ஈரமாக இருந்ததாகவோ, உணவு மறுக்கப்பட்டதாகவோ எந்தப் பதிவும் இல்லை. மேற்படி குறைகள் அனைத்தும் ஒரே ஊழியரின் பணி நேரத்தில் மட்டுமே பதிவாகியுள்ளன. அவ்வூழியர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். நோயாளிக்குக் காற்று மெத்தை வழங்கப்பட்டது. புகார் முடித்து வைக்கப்பட்டது.

“எழுதாதவன் எல்லாம் யோக்கியன்,” என்றார் டிரைவர். கடிதத்தை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். அன்றைக்கு முழுக்க ஒரு தையல் ஓடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூடம் அமைதியாக இருந்தது. காற்று மெத்தை வந்திருந்தது, வாஸ்தவம்தான். அதற்குக் காற்றடிக்கிற மோட்டாரின் வயர் எட்டும் தூரத்தில் பிளக் இல்லை. அண்ணன் அந்தத் தட்டையான ரப்பர் மேல் படுத்திருந்தார். தலைமாட்டில் மத்தியானத்துச் சோறும் பருப்பும் ஆறிப்போய்த் தொடாமல் இருந்தது.

“சாப்பிட மாட்டேங்கறாரும்மா,” என்றாள் புதிதாக வந்த ஆயா. முப்பது வயதிருக்கும், கெட்டிக்காரி, சுத்தமாக இருந்தாள். “வாயைத் திறக்கவே மாட்டேங்கறாரு. பால் மட்டும் ரெண்டு மடக்கு போகுது. எத்தனை கெஞ்சினாலும் வாசலையே பாக்கறாரு.”

தையல்காரி ஊட்டிப் பார்த்தாள். உதடு இறுகிக்கொண்டது. “அண்ணா, பாப்பா வந்திருக்கேன்ல, ஒரு வாய்” என்று அவர் காதில் கத்தினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் வாசலைப் பார்த்தார்.

அடுத்த வாரமும் அப்படித்தான். “வீட்டுக்கே தூக்கிட்டு வந்துடலாம்,” என்றார் டிரைவர். மூன்று மாடி. அவள் முதுகில் பெல்ட். அவருக்கு முழங்கால் தேய்ந்து வண்டியின் கிளட்ச்சையே பல்லைக் கடித்துக்கொண்டுதான் மிதிக்கிறார். புண்ணுக்குத் தினம் மருந்து கட்ட ஆள் வேண்டும். எத்தனை விதமாகக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் புரட்டிப் போட ஒரு ஆள் குறைந்தது.

சத்தக்காரி பாட்டில் கழுவுகிற கம்பெனியில் இருப்பதாகக் கேட்டறிந்து தையல்காரி தேடிப் போனாள். தகரக் கொட்டகை. உள்ளே ஆயிரம் பாட்டில் ஒன்றோடொன்று மோதுகிற சத்தத்தில் காது அடைத்தது. சாப்பாட்டு இடைவேளையில் வெளியே வந்த சத்தக்காரியின் கை வெந்நீரில் ஊறிச் சுருங்கி வெளுத்திருந்தது. இவளைப் பார்த்ததும் நின்றாள். கத்தித் தீர்த்துவிடுவாள் என்றுதான் தையல்காரி நினைத்தாள். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள்.

சத்தக்காரி மெதுவாகப் பேசினாள். “எதுக்கும்மா வந்தே?”

“என்னை மன்னிச்சிடுக்கா.”

“அதை வச்சு நான் என்ன பண்ண?”

தையல்காரி அழுதாள். சத்தக்காரி சமாதானம் சொல்லவும் இல்லை, விரட்டவும் இல்லை. டப்பாவைத் திறந்து நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தாள். பாதியில், “சாப்பிடறாரா?” என்று கேட்டாள்.

“இல்லக்கா. பதினாலு நாளாச்சு. பால்தான்.”

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

“நீங்க எப்படி ஊட்டுவீங்க? அதை மட்டும் சொல்லுங்கக்கா. நான் செய்யறேன்.”

“நான் எங்க ஊட்டினேன்? அவருதான் ஊட்டுவாரு. தட்டை மடில வச்சுக் கரண்டியைக் கைல குடுத்துடுவேன். முதல் வாய் எனக்கு. நான் ஆன்னு வாயைத் திறக்கணும், நல்லா இருக்குன்னு சத்தமா சொல்லணும். அப்புறம்தான் அவரு சாப்பிடுவாரு. நோயாளி சோத்தைத் திங்கறான்னு அதுக்கும் விசாரணைல கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன்.” டப்பாவை மூடினாள். “ஒருத்தருக்குக் குடுத்துட்டுச் சாப்பிடணும் அவருக்கு. அவ்வளவுதான். பெரிய மனுஷன்.”

“நீங்க ஒரு தடவை ஞாயித்துக்கிழமை என்கூட...”

“கேட்டுக்குள்ள விட மாட்டாங்கம்மா. போட்டோவை ஒட்டி வச்சிருக்காங்க.” மணி அடித்தது. சத்தக்காரி உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சரியாக இரண்டு மணிக்குத் தையல்காரி போய்விட்டாள். அன்றைக்குத்தான் மழை விட்டு வெயில் அடித்தது. இரண்டு தலையணையை முட்டுக்கொடுத்து அண்ணனைச் சாய்த்து, தட்டை அவர் மடியில் வைத்து, கரண்டியை அவர் விரலுக்குள் திணித்தாள். அண்ணன் கரண்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் கட்டிலோரம் குனிந்து ஆவென்று வாயைத் திறந்தாள்.

அவர் கை மெதுவாக எழுந்தது. சோறு சிந்திச் சிந்தி வந்தது. அவள் வாங்கிக்கொண்டு, “நல்லா இருக்கு!” என்று கூடமே அதிரும்படி கத்தினாள். அண்ணன் சிரித்தார். பல நாள் கழித்துச் சிரித்தார். “இப்ப நீங்க சாப்பிடுங்கண்ணா,” என்று அவர் கையை அவர் வாய்ப்பக்கம் திருப்பினாள். உதடு இறுகிக்கொண்டது. கரண்டி மறுபடி தட்டுக்குப் போயிற்று, மறுபடி அவளிடமே வந்தது. மூன்றாவது வாய்க்கு அவள் தலையை ஆட்டி மறுத்தாள். உடனே அவர் முகம் வாடி, கண் வாசலுக்குப் போயிற்று. பயந்துபோய் மறுபடி வாயைத் திறந்தாள். இன்னொரு வாய் வாங்கிக்கொண்டால் அடுத்ததை அவர் சாப்பிடுவார், அதற்கடுத்ததைச் சாப்பிடுவார் என்று நினைத்து நினைத்து வாங்கினாள். தொண்டையில் இறங்கவில்லை, தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினாள். ஒரு பருக்கைகூட அவர் வாய்க்குப் போகவில்லை. தட்டு காலியாயிற்று.

புது ஆயா டூட்டி நோட்டோடு வந்தாள். தட்டைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. “அட, முழுசா சாப்பிட்டுட்டாரே. நான் சொன்னேன்ல, வீட்டு ஆளுங்க வந்தா சாப்பிடுவாருன்னு.” எழுதப் போனாள்.

“அவரு சாப்பிடலம்மா. நான்தான் சாப்பிட்டேன்.”

பேனா நின்றது. புது ஆயா அண்ணனைப் பார்த்தாள், அவர் வாயைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது. கட்டிலோரம் நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினாள். “இருபத்தொரு நாளா இவரு சாப்பிடலன்னு எனக்கும் தெரியும்மா. மேட்ரன்கிட்டயும் சொன்னேன். நோட்டுல எழுதட்டுமா? எழுதினா கீழ என் கையெழுத்துதான் வரும்.” வாசலை ஒரு தடவை பார்த்தாள். “நீங்க எழுதுன்னு சொன்னா எழுதறேன்.”

தையல்காரி அவள் கையைப் பார்த்தாள். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள். அன்றைக்கு அண்ணனுக்கு முகம் மழித்து, தலை வாரி, புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தது அந்தக் கைதான். எழுதி வைத்தால் அதை யார் படிப்பார்கள் என்று தையல்காரிக்குத் தெரியும். எதற்காகப் படிப்பார்கள் என்றும் தெரியும்.

“சாப்பிட்டார்னே எழுதிடும்மா,” என்றாள்.

புது ஆயா எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நோட்டைக் கம்பியில் மாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அண்ணன் காலித் தட்டைக் கரண்டியால் சுரண்டி, ஒன்றுமில்லாத கரண்டியைத் தங்கையின் வாயருகே நீட்டினார். அவள் வாயைத் திறந்தாள்.